இதயத்துக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்காக: மருந்துக்கடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடைத் தோழர்களே,

தெருமுனைக் கடையோ, பேருந்து நிலையத்துக்கு எதிரே இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும் கடையோ, உங்கள் கவுண்டரில் கேட்கப்படும் கேள்விகள் மருத்துவரின் அறையில் கேட்கப்படுவதைவிட அதிகம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டது, கேட்க மறந்தது, அவர் சொல்லியும் மண்டையில் ஏறாதது எல்லாவற்றையும் உங்களிடம்தான் கேட்கிறோம். "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டால், நீங்கள் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். உடல்நலம் பற்றி எழுதிப் பிழைக்கும் நான் இந்த மடலை மருத்துவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

வைட்டமின் டி பற்றிப் பேச வேண்டும். குறிப்பாக, "சிக்ஸ்டி கே" என்று நீங்கள் சொல்லும் 60,000 யூனிட் சாஷேயைப் பற்றியும் அதே அளவில் வரும் மென்மாத்திரையைப் பற்றியும்.

சில காலம் முன்புவரை அதைக் கேட்டு வந்தவர்கள் மூட்டுவலிக்காரர்கள், எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள். இப்போது வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நடைப்பயிற்சி நண்பர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது, வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிச் சாப்பிடச் சொன்னான் என்று ஏதாவது ஒரு வழியில் "ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லதாமே" என்ற பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. முழு உடல் பரிசோதனை செய்துகொண்டவர் கையில் ஓர் அறிக்கையும் இருக்கும். அதில் வைட்டமின் டி அளவு மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு அச்சாகியிருக்கும். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர், பிரஷர் உள்ளவர், அண்ணனை மாரடைப்பில் இழந்தவர் அதைப் பார்த்துப் பயந்துபோய் உங்களிடம் வருகிறார். சீட்டு இல்லாமலேயே சாஷே கை மாறுகிறது.

அப்படி இதயத்துக்காகக் கேட்டு வருகிறவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்: "இது எலும்புக்கான மருந்து. ஹார்ட் அட்டாக்கைத் தடுக்காது." இதைச் சொல்ல உங்களுக்குத் துணிவு வேண்டுமானால் அதற்கான ஆதாரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைத் தருவது என் கடமை.

இந்த நம்பிக்கை வெறும் வதந்தியாகத் தொடங்கியது அல்ல. 1981ல் ராபர்ட் ஸ்க்ராக் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். குளிர்நாடுகளில் இதயநோய் மரணங்கள் குளிர்காலத்தில் கூடுகின்றன, வெயில் காலத்தில் குறைகின்றன. வெயிலால் தோலில் உருவாகும் வைட்டமின் டி இதயத்தைக் காப்பதாக இருக்கலாமே என்பது அவர் யோசனை. பின்னால் இதயத் தசையிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இந்த வைட்டமினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பது தெரியவந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பை இது அடக்குகிறது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. 2008ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்விலிருந்து ஒரு முடிவு வெளியானது. இதயநோய் இல்லாத 1,739 பேரைச் சில ஆண்டுகள் கவனித்ததில், ரத்தத்தில் வைட்டமின் டி 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. இத்தனையும் ஒரே திசையில் கைகாட்டும்போது யாருக்குத்தான் ஆசை வராது? மலிவான மருந்து, எளிதில் கிடைப்பது. இதுவே மாரடைப்பைத் தடுத்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று உலகமே நினைத்தது.

ஆனால் குறைவாக இருப்பவருக்கு நோய் வருகிறது என்பது ஒன்று. குறையை நிரப்பினால் நோய் வராது என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நாம் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். நடந்தாலே மூச்சு வாங்குகிறவர் வீட்டைவிட்டு வெளியே போகமாட்டார், வெயிலும் படாது. உடல் பருமன் உள்ளவருக்கு இந்த வைட்டமின் கொழுப்புத் திசுக்களில் போய்த் தங்கிவிடுவதால் ரத்தத்தில் குறைவாகவே தெரியும். வயது ஏற ஏறத் தோல் அதை உண்டாக்கும் திறனும் குறைகிறது. உடலில் நாள்பட்ட அழற்சி இருந்தாலும் அளவு இறங்குகிறது. ஆக, இதயத்தைக் கெடுக்கும் அதே காரணங்கள் வைட்டமின் டி அளவையும் இறக்குகின்றன. இது நோயை உண்டாக்குகிறதா, நோயோடு கூட வருகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமினும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, யார் எதை விழுங்குகிறார் என்று அவருக்கும் தெரியாமல், மருத்துவருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். முதலில் ஸ்க்ராக்கே பார்த்தார். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 50 முதல் 84 வயது வரையிலான 5,108 பேரை வைத்து அவர் தலைமையில் நடந்த ஆய்வில், தொடக்கத்தில் 2 லட்சம் யூனிட், அதன்பின் மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2017ல் வெளியிட்ட முடிவு: வைட்டமின் எடுத்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 11.5 சதவீதம் பேருக்கும் இதய, ரத்தக்குழாய் நோய் வந்தது. தான் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன கருத்துக்குத் தன் ஆய்வே ஆதரவு தரவில்லை என்பதை மறைக்காமல் அச்சிட்ட அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வு வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர் ஜோஆன் மேன்சன் தலைமையில், 25,871 பேர். தினம் 2,000 யூனிட். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணியபோது வைட்டமின் எடுத்த பாதியில் 396 பேர், எடுக்காத பாதியில் 409 பேர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதின்மூவாயிரம் பேர் கொண்ட இரண்டு பாதிகளுக்கு இடையே பதின்மூன்று பேர் வித்தியாசம் என்பது தற்செயலாக வரக்கூடியது. 2019ல் இதுபோன்ற 21 ஆய்வுகளைச் சேர்த்து, 83,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் கணக்கிட்டபோதும் இதே விடைதான் வந்தது.

உங்களுக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 60 வயதைக் கடந்த 21,315 பேர் பங்கேற்ற 'டி ஹெல்த்' ஆய்வில் கொடுத்த அளவு மாதம் ஒருமுறை 60,000 யூனிட். உங்கள் அலமாரியில் இருக்கும் அதே அளவு. ஐந்து ஆண்டுகள் வரை எடுத்தார்கள். 2023ல் முடிவு வந்தபோது, பெரிய இதயப் பாதிப்புகள் வைட்டமின் எடுத்தவர்களில் 6.0 சதவீதம், எடுக்காதவர்களில் 6.6 சதவீதம். சிறிது குறைந்திருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொன்னால், உண்மைதான், சிறிது குறைந்திருக்கிறது என்றே சொல்லுங்கள். ஆனால் ஆயிரம் பேர் ஐந்து ஆண்டுகள் எடுத்தால் ஆறு பேருக்குக்கூட எட்டாத அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதைப் புள்ளிவிவரக் கணக்கால் விலக்க முடியவில்லை. எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, இதை இதயத்துக்கான மருந்து என்று கொடுக்க ஆதாரம் போதாது.

"அவர்கள் உடம்பில் ஏற்கெனவே போதிய அளவு இருந்திருக்கும், நம்மவர்களுக்குத்தானே குறைவு" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் போதிய அளவு இருந்தது, மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் சிலரே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆக்லாந்து ஆய்வில் கால்வாசிப் பேருக்குத் தொடக்கத்திலேயே 20 நானோகிராமுக்குக் குறைவாகத்தான் இருந்தது. அவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் இதயத்துக்குப் பலன் தெரியவில்லை. வைட்டல் ஆய்விலும் அப்படியே. நிஜமான குறைபாடு உள்ளவருக்கு மருந்து தேவை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. எலும்பு மெலிந்து இடுப்பும் தொடையும் வலிக்கும் பெண்கள், வெளியே வரமுடியாத முதியவர்கள், ஸ்டீராய்டு அல்லது வலிப்பு மருந்து நெடுநாள் எடுப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது முறையான சிகிச்சை. அது எலும்புக்கும் தசைக்குமான சிகிச்சை.

குறைபாடு என்ற எல்லைக்கோடே எங்கே என்பதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 30க்குக் கீழே இருந்தால் போதாது என்று 2011ல் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம், 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த 30 என்ற கோட்டைக் கைவிட்டுவிட்டது. குறிப்பிட்ட காரணம் இல்லாத நலமான பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையே வழக்கமாகத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. எலும்பு நலத்துக்கு 20 போதும் என்று அமெரிக்காவின் மருத்துவ அறிவியல் நிறுவனம் 2011லேயே சொல்லியிருந்தது. ஆகவே 24 என்று வந்த அறிக்கையை நீட்டும் ஒருவரின் கை நடுங்கினால், முதலில் அவர் பயத்தைத் தணியுங்கள்.

இனி அந்தச் சாஷேயைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். விரல் நீளம்கூட இல்லாத உறை. உள்ளே ஒரு கிராம் அளவுக்கு இனிப்பான பொடி. அந்த ஒரு கிராமில் உண்மையான வைட்டமின் ஒன்றரை மில்லிகிராம்தான், மீதி எல்லாம் சர்க்கரையும் சுவையும். கேட்பதற்கு ஒன்றரை மில்லிகிராம் ஒன்றுமே இல்லை போல இருக்கிறது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு 600 யூனிட். அதாவது ஓர் உறையில் நூறு நாளைக்கு வேண்டியது அடைத்திருக்கிறது. வாரம் ஒன்று வீதம் குறிப்பிட்ட வாரங்களுக்கு என்று மருத்துவர் எழுதுவது, குறைபாட்டைச் சீக்கிரம் நிரப்பிவிட்டு நிறுத்துவதற்காக. அதையே ஒருவர் தினமும் ஒன்று என்று புரிந்துகொண்டால் ஒரே வாரத்தில் இரண்டு ஆண்டுக்கு நெருக்கமான அளவு உள்ளே போய்விடும். இப்படிப் புரிந்துகொள்வது அரிதல்ல. பாலில் கலந்து குடிக்கும் இனிப்புப் பொடியை யாரும் மருந்தாக நினைப்பதில்லை, சத்துமாவு கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

வைட்டமின் சி போல இது மிஞ்சினால் சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அப்போது வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், நிலைதடுமாற்றம், மனக்குழப்பம் எல்லாம் வரும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவருக்குத் தாகமும் சிறுநீரும் கூடினால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? "சுகர் ஏறிடுச்சு" என்பார்கள். குழப்பமாகப் பேசினால் "வயசாயிடுச்சு" என்பார்கள். சாஷேயின் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் விளைவு நீடிக்கும்.

இதயத்துக்கு நல்லது என்று வாங்குகிறவருக்கே இதில் தனி ஆபத்து உண்டு. கால்சியம் மிஞ்சினால் இதயத் துடிப்பின் சீர் கெடும். இதயத்துக்காக டிகாக்சின் எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். பிரஷர் மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்றும் 'சிடி' என்றும் வருவதை நாள் முழுக்க எடுத்துக் கொடுப்பவர்கள் நீங்கள். அவற்றில் சேர்ந்திருக்கும் நீர் பிரிக்கும் மருந்து கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். அதோடு வாராவாரம் சாஷே, எலும்புக்கென்று கால்சியமும் டி3யும் சேர்ந்த மாத்திரை, நடுவில் எங்கோ போட்டுக்கொண்ட 6 லட்சம் யூனிட் ஊசி என்று எல்லாம் சேர்ந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? அந்தச் சீட்டுகள் மூன்று மருத்துவர்களிடமிருந்து வந்திருக்கலாம். மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் ஒரே கண் உங்களுடையது.

முதியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சூரிச் நகரில் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்த, 70 வயது கடந்த 200 பேரை ஓராண்டு கவனித்தார்கள். மாதம் 24,000 யூனிட் எடுத்தவர்களில் 48 சதவீதம் பேர் மறுபடி விழுந்தார்கள். மாதம் 60,000 எடுத்தவர்களில் விழுந்தவர்கள் 67 சதவீதம். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்விலும் 2010ல் இதேதான் தெரிந்தது: விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்து, அளவு மீறியதால் எலும்பை முறித்தது. கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனதில் இதைவிட மேலாக இருக்கும் கவலையைச் சொல்கிறேன். ஒருவர் தேவையில்லாமல் ஒரு சாஷே வாங்கினால் பணம்தான் போகிறது. ஆனால் அதை வாங்கிவிட்டு, "இந்த மாசம் கொழுப்பு மாத்திரை வேணாம், அதான் இது எடுக்கிறேனே" என்று ஒருவர் சொல்லும்போது உயிர் போகக்கூடும். மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்தவர்களுக்குச் சத்துப் பொடி என்றால் ஓர் ஆறுதல். இயற்கையானது, வெயிலிலிருந்து கிடைப்பது, பக்கவிளைவு இல்லாதது என்று மனம் அதன் பக்கம் சாயும். ஆனால் அந்த மாத்திரைகளால் மேல் ரத்த அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் பெரிய இதயப் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. கெட்ட கொழுப்பு 39 மில்லிகிராம் இறங்கினாலும் ஏறக்குறைய அதே பலன். பெரும் எண்ணிக்கையில் மனிதர்களை வைத்துப் பலமுறை நிரூபித்த கணக்குகள் இவை. 396, 409 என்ற அந்த இரண்டு எண்களோடு இதை வைத்துப் பாருங்கள். இதயத்தைக் காக்கும் மருந்து உங்கள் கடையில் நிச்சயமாக இருக்கிறது. அது வேறு ரேக்கில், பெரும்பாலும் இதைவிட மலிவான அட்டையில் இருக்கிறது.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். சீட்டு இல்லாமல் சாஷே கேட்டால், "எதுக்கும்மா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இதயத்துக்கு என்றால் மேலே சொன்னதைச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதியதைக் கொடுக்கும்போது உறையின் மேல் பேனாவால் "வாரம் 1" என்றும், எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். ஞாயிறு என்று கிழமையையும் எழுதினால் இன்னும் நல்லது. பழைய சீட்டையே காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள். சிறுநீரகக் கல் வந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், டிகாக்சின் எடுப்பவர், 'எச்', 'சிடி' மாத்திரைக்காரர்கள் தாமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதோடு இன்னொன்று. பிரஷர், சுகர், கொழுப்பு மாத்திரைகளை மாதாமாதம் வாங்குகிறவர் இந்த மாதம் ஒன்றை விட்டுவிட்டால் உங்களுக்குத் தெரியும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதும் உங்களுக்குத் தெரியும். "போன மாசம் அந்த மாத்திரை வாங்கலையே அண்ணா?" என்று கேளுங்கள். காசு இல்லை என்று சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்றும், 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும் என்றும் சொல்லி அனுப்புங்கள். புகைப்பவர் என்று தெரிந்தால் அதை விடச் சொல்லுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவை எதற்கும் ஆய்வுக்கூட அறிக்கை தேவையில்லை.

இப்படிச் சொன்னால் வியாபாரம் போகும், நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார் என்று நீங்கள் நினைக்கலாம். வாடகை, ஆள் சம்பளம், தள்ளுபடி விலையில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆன்லைன் மருந்து வியாபாரத்தின் போட்டி எல்லாம் உங்கள் கழுத்தை நெரிப்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் ஒரு செயலி தர முடியாத ஒன்றை நீங்கள் தருகிறீர்கள். முகம் பார்த்து, பெயர் சொல்லி, "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் மனிதர் அங்கே இல்லை. வேண்டாததை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை ஒரு குடும்பம் தலைமுறைக்கும் விடாது. மருந்தாளுநர் படிப்புச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்களே, அந்தப் படிப்பின் பயன் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

உங்கள் மாவட்டச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். கடையில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் கூட்ட நேரத்தில் கவுண்டரில் நிற்பவர்கள் அவர்கள்தான். இதயத்துக்கு என்று கேட்டு இன்று மாலை யாராவது வந்தால், அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

நம்பிக்கையுடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்